கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

பட்டறையில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் இடைக்கிடை தொலைபேசி எடுப்பார்கள். கணினி பூட்டிய புது வெட்டு இயந்திரம் வந்திருக்கிறதாம். கல்லை வைத்துப் பொத்தானை அமத்திவிட்டு, வெளியே போய்ப் புகைபிடித்துவிட்டு வரலாமாம். சுகம் விசாரிப்பது போலத் தொடங்கி, நான் எவ்வளவு மடத்தனமாக உழைத்திருக்கிறேன் என்பதை எனக்கு அன்பாக விளங்கப்படுத்துவார்கள். போன கிழமை ஒருவன், நான் வெட்டியதிலேயே கடினமான கல் எது என்று கேட்டான். மாணிக்கம், நீலம் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்திருப்பான். நான் வெட்டாத ஒரு கல்தான் என்றேன். கிழவனுக்கு நுரையீரலோடு மூளைக்குள்ளும் தூசி போய்விட்டது என்று நினைத்திருப்பான். எனக்கு ஐம்பத்தெட்டு வயதுதான். ஆனால் நுரையீரலைக் கேட்டால் அவன் பக்கம்தான் சாட்சி சொல்லும். அதனால்தானே முன்கூட்டியே பென்ஷன் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவனுக்குத் தொலைபேசியில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் தட்டார் வீட்டுப் பிள்ளை. அப்பா குழலால் நெருப்பை ஊத, நான் குறட்டால் பொன்னைப் பிடித்து வளர்ந்தேன். மிச்சக் கல்வியை வாசிகசாலை பார்த்துக்கொண்டது. அதனால் ஒரு தொழிலுக்கும் உதவாத பல விஷயங்கள் எனக்குத் தெரியும். எண்பதுகளில் கிழக்கு ஜேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, அகதி முகாமில் இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, கடைசியில் இடார்-ஓபர்ஸ்டைனுக்கு வந்து சேர்ந்தேன். நாஹே ஆற்றங்கரையில் மலைக்குள் செருகி வைத்தது போன்ற ஊர். தலைமுறைகளாக அங்கே கல் வெட்டுவதும் பட்டை தீட்டுவதும்தான் பிழைப்பு. முன்னொரு காலத்தில் ஆற்றுத் தண்ணீர் பெரிய சாணைக் கல்லைச் சுற்ற, அதன் முன்னால் மரப்பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு தீட்டுவார்களாம். படுத்தபடி சம்பளம் வாங்கலாம் என்று கேள்விப்பட்டுத்தான் நான் அங்கே போனேன் என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாரையும் எழுப்பி நாற்காலியில் இருத்திவிட்டார்கள்.

எங்கள் மைஸ்டர், அதாவது பட்டறையின் முதலாளியும் வாத்தியாரும், பேச்சில் சிக்கனக்காரர். ஏசமாட்டார். புகழவும் மாட்டார். நீங்கள் ஒரு கல்லைப் பழுதாக்கினால், அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் ஒருதரம் பார்ப்பார். பிறகு உங்கள் மேசைக்கு நேரே இருக்கும் ஜன்னல் விளிம்பில் அதை வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் தண்டனை. அதை எடுக்கக் கூடாது, மறைக்கக் கூடாது. வெயிலிலும் பனியிலும் அது உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். என் ஜன்னலில் ஒரு குடும்பமே குடியிருந்தது. மைஸ்டரின் மேசைக்கு நேரே இருந்த விளிம்பு மட்டும் வெறுமையாக, துடைத்துச் சுத்தமாக இருக்கும்.

பட்டறைக் கதவு காற்றுக்கு அடிக்கும். அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு கல் கிடந்தது. பாண் றாத்தல் அளவு, கறுத்த தோல், அழுக்கு. காலையில் கதவைத் திறப்பவர் அதைக் காலால் தள்ளி வைப்பார். பெரும்பாலும் முதலில் வருபவன் நான்.

மார்க் போய் ஒய்ரோக் காசு வந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். மெரே என்றொரு பெண் வந்து சேர்ந்தார். நியூசிலாந்தின் ஆதிக்குடிகளான மாவோரி இனத்தவர். ஐம்பது வயது, அகன்ற தோள், நரைத்த தலைமயிரை உச்சியில் முடிந்திருப்பார். நகை செய்பவர். அவருடைய மக்களின் பச்சைக் கல், பொனாமு என்பார்கள், நூறு வருடத்துக்கு முந்திக் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்ததாம். ஜேர்மன்காரர் அதை மாவோரிப் பதக்கங்களைப் போலவே வெட்டித் திருப்பி அந்த நாட்டுக்கே விற்றார்களாம். தன் மூத்தவர்களிடம் இந்தக் கதையைக் கேட்டு, கல் போன இடத்தைப் பார்க்க வந்தவர். ஆறு மாதத்துக்கு என்று வந்தார். அவர் வேலையைப் பார்த்த மைஸ்டர், வெளிநாட்டவர் அலுவலகத்தில் தானே வரிசையில் நின்று விசா எடுத்துக் கொடுத்து, நிற்கச் செய்தார். அந்த மனிதர் யாருக்கும் அப்படி வரிசையில் நின்றதில்லை.

முதல் நாள் கதவால் உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். பிறகு முழந்தாளில் இருந்தார். குழாயில் கையை நனைத்துவந்து அந்தக் கதவுக் கல்லில் தடவினார். அழுக்குக்குள் இருந்து ஒரு பச்சை வந்தது. ஆழமான பச்சை, மழை பெய்து ஓய்ந்த வாழைத்தோட்டத்துக்குள் வெயில் நுழைவது போல.

"இதை ஆர் காலாலை தள்ளுறது?" என்று கேட்டார்.

நாங்கள் பேசியது பாதி டொச், அதாவது ஜேர்மன், பாதி இங்கிலீசு. என் நினைவில் அது எப்படியோ தமிழாகிவிட்டது. நான் குனிந்து கல்லைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். புத்தகத்தில் கால் பட்டால் செய்வோமே, அதே பழக்கம், யோசித்துச் செய்ததல்ல. மெரே என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்குப் பக்கத்தில்தான் இருப்பார்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. வேலை மேசையில் சாப்பாட்டை வைக்கக் கூடாது என்பது மாவோரிகளின் முறை. மேசையில் ஏறி இருக்கவும் கூடாது. மைஸ்டர் காலம் காலமாக மேசை விளிம்பில் ஒரு பக்கம் குந்தி, மறு பக்கம் வெண்ணெய்ப் பாணை வைத்துச் சாப்பிடுபவர். மெரே போய்ச் சொன்னார். பட்டறை முழுவதும் சாணை நின்றது. மைஸ்டர் எழும்பி, பாணை எடுத்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போனார். அன்றைக்குத்தான் அந்த அறையில் ஒரு கதிரை இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

மெரே வேலை செய்யும் விதம் நிதானமானது. பொனாமு நார் நாராகப் பின்னிய கல். சுத்தியலால் அடித்தால் சுத்தியலுக்குத்தான் நோகும். தண்ணீரை ஓடவிட்டு வைரத் தட்டால் மெல்ல அறுக்கவேண்டும். மெரே அறுக்கமுன் கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாட்கணக்காகத் திரிவார். வெளிச்சத்தில் பிடித்து நார் ஓடும் திசையைப் பார்ப்பார். அது எந்த ஆற்றிலிருந்து வந்தது, யார் எடுத்தார்கள் என்று அதனிடமே சொல்லிவிட்டு, சின்னதாக ஒரு மந்திரம் சொல்வார். அதன் பிறகுதான் தட்டு சுழலும். தனக்கென்று ஒரு பதக்கமும் அவர் செய்ததில்லை. கழுத்தில் கிடந்தது தாய்மாமன் கொடுத்தது. பொனாமுவைத் தனக்குத் தான் வாங்குவதில்லை, ஒருவர் தரவேண்டும் என்பார். இதையெல்லாம் எந்தக் கூச்சமும் இல்லாமல் வாடிக்கையாளருக்கும், தபால்காரருக்கும், வரி அதிகாரிக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். யாரைச் சந்தித்தாலும் தன் மலை இது, ஆறு இது, ஆட்கள் இன்னார் என்று தொடங்கித்தான் கடைசியில் பெயருக்கு வருவார்.

என்னிடமும் கேட்டார், உங்கள் மலை எது என்று. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, தோசைக்கல் மாதிரித் தட்டை என்றேன். ஆறு? மழைக்கு மட்டும் ஓடுகிற ஒன்று உண்டு, அதையும் ஆறு என்று சொன்னால் மற்ற ஆறுகள் கோபிக்கும் என்றேன். தண்ணீர் எங்கே குடித்தீர்கள்? கிணற்றில். "அப்ப கிணத்தைச் சொல்லுங்கோ" என்றார் மெரே, அதிலென்ன கஷ்டம் என்பது போல.

கதவுக் கல் அன்றிலிருந்து ஒரு கம்பளித் துண்டின்மேல் இருந்தது. அதைத் தன் ஆற்றுக்குத் திருப்பிக் கொண்டுபோகவேண்டும் என்று மெரே ஒளிவில்லாமல் மைஸ்டரிடம் சொன்னார். மைஸ்டர் மறுக்கவில்லை, விலை சொன்னார். நியாயமான விலைதான். அவருடைய பாட்டனின் அப்பா காசு கொடுத்து வாங்கியது, கப்பல் கூலி கொடுத்தது, ஆகவே அதற்கு ஒரு விலை உண்டு. மெரே வாங்கமாட்டேன் என்றார். காசு இல்லாமலில்லை. வாங்கமுடியாது. மைஸ்டர் பாதியாகக் குறைத்தார். பிறகு, ஜேர்மன்காரர் இடிந்த கோட்டைகளை விற்கும்போது செய்வதுபோல, பேருக்கு ஒரு ஒய்ரோ என்றார். அதற்கும் மெரே தலையாட்டவில்லை. கடைசியில் மைஸ்டர் தன் காற்சட்டைப் பையிலிருந்தே ஒரு ஒய்ரோக் குற்றிக் காசை எடுத்து மெரேயின் மேசையில் வைத்து, இந்தா, இதை எனக்குத் திருப்பித் தா, கல் உன்னுடையது என்றார். எனக்குத் தெரிய அந்த மனிதர் தன் வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய வேடிக்கை அது. மெரே சிரிக்கவில்லை. ஒரு விரலால் குற்றியை அவர் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டார். மைஸ்டர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. விற்காமல் ஒரு கல் வாசலைத் தாண்டிப் போனதாக அந்தப் பட்டறையின் சரித்திரத்தில் இல்லை.

நான் வாங்கிப் பரிசாகத் தரட்டுமா என்று கேட்டேன். அப்போது நீங்கள் என்னுடைய மாமியை விலைக்கு வாங்கியவராவீர்கள் என்றார். அந்தக் கல் அவர்களுக்கு முன்னோர்களில் ஒருத்தி. மாமியைச் சும்மா தந்தாலே வாங்கத் தயங்குகிற இனம் நாங்கள் என்று சொன்னேன். அதற்குச் சிரித்தார்.

அந்த நாட்களில் எனக்கு வேறொரு தொழிலும் இருந்தது. எங்களுடைய கல்யாணங்களுக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவார்கள் அல்லவா, தாலிக்கான பொன்னை நல்ல நேரத்தில் சபையின் முன்னால் தட்டார் உருக்கிக் கொடுப்பது. ஜேர்மனியில் தமிழ்ப் பொறியியலாளரும் கணக்காளரும் தாராளம், தட்டார்தான் தட்டுப்பாடு. அன்று ஒரு நாள் 'பத்தர் அண்ணை' என்று கதிரை தருவார்கள். மற்ற நாட்களில் நான் அவர்களிடம் 'மெஷின் வேலை' என்று சொல்லிக்கொள்வேன். நகை வேலை என்றால் அடுத்த கேள்வி, ஊரில் நீங்கள் யாருடைய ஆட்கள், அதாவது என்ன சாதி, என்பதாக இருக்கும். அதற்கடுத்துக் கேள்வி வராது, முகம் மட்டும் மாறும்.

கெல்சென்கிர்ச்சனில் ஒரு பொன்னுருக்கலுக்கு மெரே தானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பத்தர் அண்ணை, ஆரிவ? பிலிப்பைன்ஸோ?"

"நியூசிலாந்து. என்னோடை வேலை செய்யிறவ."

"வெள்ளைக்காரி மாதிரித் தெரியேல்லையே."

"வெள்ளைக்காரருக்கு முதலே அங்கை இருந்த ஆக்கள்."

"அப்ப அவைக்கும் நாட்டுப் பிரச்சினையோ?"

"ஓம். பழைய பிரச்சினை."

"தீர்ந்ததோ?"

"இல்லையாம்."

பெரியம்மா மெரேயைப் பரிவோடு பார்த்தார். "இருக்கச் சொல்லுங்கோ. சாப்பிட்டிட்டுப் போகலாம்."

பொன் உருகும் நேரம் கூரையிலிருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. மாப்பிள்ளையின் தகப்பன் கூட்டுகிற தும்புத்தடியால் அதை அடித்துக்கொண்டிருந்தார். மெரே அதுவும் சடங்கில் ஒரு அங்கம் என்று நினைத்து எழுந்து, தலை குனிந்து நின்றார். அவரைப் பார்த்து இரண்டு பெரியவர்களும் எழுந்து நின்றார்கள்.

திரும்பி வரும் ரயிலில் நான் கதையை எடுத்தேன்.

"ஒரு ஒய்ரோதானே மெரே. குடுத்திட்டு எடுங்கோவன்."

"இண்டைக்கு உருக்கின பொன்னிலை தாலி செய்வீங்கள். அதை அந்தப் பெட்டை தானே உங்களிட்டை ஒரு ஒய்ரோவுக்கு வாங்கித் தானே கட்டலாமோ?"

"ஏலாது."

"ஏன், அவவிட்டைக் காசில்லையோ?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் வேறொன்று கேட்டார். "இவ்வளவு வடிவான வேலை. அதைச் சொல்லேக்கை மட்டும் ஏன் உங்கட குரல் இறங்குது?" அதற்கும் நான் ஜன்னலைத்தான் பார்த்தேன். ஜேர்மன் ரயில் ஜன்னல்கள் இதற்கு மிகவும் வசதியானவை.

அதற்கடுத்த மாரியில் மெரேக்கு வயிற்றில் நோவு வந்தது. கணையத்தில் என்றார்கள். கண்டுபிடித்தபோதே வெட்டியெடுக்கும் நிலை தாண்டிவிட்டது. விமானத்தில் போக டொக்டர்மார் விடவில்லை. மைஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் கோட்டுப் போட்டு, கொடிமுந்திரிகைப் பழக் குலையோடு ஆஸ்பத்திரிக்கு வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். வாயைத் திறப்பார், காலநிலையைப் பற்றிச் சொல்வார், மூடுவார். கல்லைத் தருகிறேன் என்று இந்த ஞாயிறு சொல்லிவிடுவார் என்று நான் ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். ஒரு நாள் அவர் போன பிறகு மெரேயிடம், நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் இந்த மனிதர் தந்துவிடுவார் என்றேன்.

"கேக்கமாட்டன். கேட்டு வாங்கினாலும் அது வாங்கினதுதான்."

குரல் நூலாக மெலிந்திருந்தது. நெஞ்சு அப்படியே நிமிர்ந்திருந்தது. பிறகு என்னிடம் வேறொன்று கேட்டார். "என்னைத் தனிய விடக் கூடாது. செத்தாப் பிறகு. அக்கா வந்து சேருமட்டும் ஆராவது பக்கத்திலை இருக்கோணும். என்னோடை கதைச்சுக்கொண்டிருக்கோணும். எங்கட முறை அது." ஓம் என்றேன். ஜேர்மனியில் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று அப்போது தெரியவில்லை.

இளவேனில் தொடங்கிய நாட்களில் மெரே போய்விட்டார். அக்கா உலகத்தின் மறு நுனியிலிருந்து வந்துகொண்டிருந்தார். உடலைப் பொறுப்பெடுத்த ஈமச்சேவைக்காரர் மரியாதையான மனிதர். மாலையில் பூட்டிவிடுவோம், நாளை அரை மணித்தியாலம் பார்வையிட நேரம் குறித்து டெர்மீன் தரலாம் என்றார். பல்வைத்தியரிடம் டெர்மீன் எடுத்திருக்கிறேன். துக்கத்துக்கு எடுத்ததில்லை. என்னுடைய டொச்சும் என் அழுகையும் ஒன்றையொன்று குழப்ப, மைஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு வந்தார். ஈமச்சேவைக்காரரிடம் இரண்டே இரண்டு வசனம்தான் சொன்னார்.

"அவள் என்ரை ஆள். வேலை நேரம் இன்னும் முடியேல்லை."

அந்த மனிதர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நானும் மைஸ்டரும் மாறி மாறி இருந்தோம். நான் கதைக்கக் கூடியவன். பட்டறைப் புதினம், கெல்சென்கிர்ச்சன் மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தது, பெரியம்மா சுகம் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். மைஸ்டர் என்ன கதைத்தாரோ தெரியாது. இரண்டாம் நாள் காலை முறை மாற வந்தபோது கையில் பாரமான ஒரு பொதி இருந்தது. மினுக்குவதற்கு வைத்திருக்கும் புதுத் தோலில் சுற்றியிருந்தார். பிரித்தார். கதவுக் கல். தானே கழுவியிருக்கிறார், விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் தீட்டத் தொடங்கி, பிறகு ஏதோ நினைத்து நிறுத்தியிருந்தார். அதை மெரேயின் கையருகில் வைத்தார்.

"மெரே," என்றார். பாட்டனின் அப்பா இந்தக் கற்களைப் பலகையில் குப்புறப் படுத்துத் தீட்டியதை, அவை எந்த ஆற்றுக் கற்கள் என்று கேட்கத் தோன்றாததை, நெஞ்சில் தூசி கட்டி நாற்பது வயதில் செத்ததை அவரிடம் சொன்னார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதேயில்லை. கடைசியில், "இது உன்ரை. நான் தாறன்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இப்ப தந்தால், அது தந்ததாகுமோ?"

அக்கா வந்து சொல்லட்டும் என்றேன்.

அக்கா மத்தியானம் பிராங்பேர்ட்டில் இறங்கி நேரே வந்தார். மெரேயைவிட அகலம், முழு நரை. வாசலிலேயே குரலெடுத்துத் தங்கையைக் கூப்பிட்டபடி உள்ளே வந்தார். மெரேயின் நெற்றியிலும் மூக்கிலும் தன்னுடையதை வைத்து அழுத்தி, நீண்ட நேரம் பேசினார். பிறகு கல்லைக் கண்டார். அதற்கும் குனிந்து அதே மூக்கு, அதே நெற்றி. பிறகு மைஸ்டரிடம் வந்தார். மைஸ்டரின் மூக்குக்கு அவ்வளவு கிட்ட வேறொரு மூக்கு வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் பின்வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

நீங்கள் யார் என்று அக்கா கேட்டார். மைஸ்டருக்கு எப்படிச் சொல்வதென்று தெரிந்திருந்தது. மெரே எல்லாரிடமும் அப்படிச் சொல்வதைக் கேட்டவர், இரண்டு நாள் அவருக்கு மெரேதானே துணை. மலை ஹுன்ஸ்ருக், ஆறு நாஹே, ஆட்கள் கல் வெட்டுகிறவர்கள் என்றார். நான் எங்கள் வீட்டுக் கிணற்றைச் சொன்னேன். என் ஆட்கள் பொன் வேலை செய்கிறவர்கள் என்றேன். குரல் இறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இறங்கியிருந்தால் மெரே எழும்பியிருப்பார்.

மைஸ்டர் என்னிடம் கேட்ட கேள்வியை அக்காவிடமும் கேட்டார். அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"தந்ததுதான். அவளுக்குக் கிடைச்சிட்டுது. ஆனா உயிரோடை இருக்கேக்கை காதாலை கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்."

மைஸ்டர் தலையாட்டினார்.

பெட்டி சரக்குப் பகுதியில் போக, கல் அக்காவின் மடியில் போனது. விமான நிலையச் சோதனையில் இது என்ன என்று கேட்டதற்கு அவர் சொந்தக்காரி என்றாராம். இரண்டு தரம் கதிர்ப்பெட்டிக்குள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு விட்டார்களாம்.

அதன் பிறகு பட்டறைக் கதவு அடிக்கத் தொடங்கியது. நான் பென்ஷன் எடுக்கும் மட்டும் ஒவ்வொரு காற்றுக்கும் அடித்தது. வேறொரு கல் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மைஸ்டரின் ஜன்னல் விளிம்பு இப்போது வெறுமையில்லை. நாங்கள் விமான நிலையத்தால் திரும்பி வந்த அன்று, அவர் கோட்டைக் கழற்றமுன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு, எதையோ எடுத்து, வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்து, தன் மேசைக்கு நேரே விளிம்பில் வைத்தார். ஒரு ஒய்ரோக் குற்றி. போன மாதம் நான் எட்டிப் பார்க்கப் போனபோதும் அங்கேதான் இருந்தது. புதுப் பிள்ளைகள் கோப்பிக் காசு என்று நினைக்கிறார்கள். ஆனால் அவர்களும் அதை எடுப்பதில்லை.